நாய்க்காக வாதாடும் வக்கீல்: ஆண்டி கார்பென்டர் நாவல்களில் சட்டமும் சிரிப்பும்

கொலைக் குற்றம் சாட்டப்பட்டவரின் வாழ்க்கை ஊசலாடிக்கொண்டிருக்கிறது. அவருடைய வக்கீலோ அன்றைக்கு நீதிபதியிடம் வாங்கிய திட்டை வேடிக்கையாகச் சொல்லிவிட்டு, சாயங்காலம் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போகிறார். டேவிட் ரோசன்ஃபெல்ட் எழுதும் ஆண்டி கார்பென்டர் நாவல்களை முதன்முறை கையில் எடுப்பவருக்கு இது தடுமாற்றமாக இருக்கும். இது நகைச்சுவை நாவலா, நீதிமன்றத் திரில்லரா, நாய்க் கதையா? கூடவே சட்டம் சார்ந்த சந்தேகங்களும் வரும். சாட்சி பேசும்போதெல்லாம் வக்கீல் ஏன் பன்னிரண்டு பேரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்? கொலையாளியைக் கண்டுபிடிப்பது அவர் வேலையா இல்லையா? கடித்த நாயைக் கொல்ல அரசாங்கமே உத்தரவு போடுமா?

இந்த நாவல்களில் சிரிப்பும் நாயும் மேல்பூச்சு அல்ல. நியூஜெர்சி மாநிலத்தில் குற்ற வழக்கு உண்மையில் எப்படி நடக்கிறது என்பதிலிருந்துதான் இரண்டும் முளைக்கின்றன. அந்த நடைமுறை பிடிபட்டால் கதையின் விறுவிறுப்பும் வேடிக்கையும் சேர்ந்தே பிடிபடும். எந்தக் கதையின் முடிவும் இங்கே சொல்லப்படவில்லை.

## வரிசையின் அடிப்படை

ஆண்டி கார்பென்டர், நியூஜெர்சியின் பேட்டர்சன் நகரத்தில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடுபவர். முதல் நாவலான 'ஓபன் அண்ட் ஷட்' 2002-ல் வந்தது. மர்மக் கதைகளுக்கான எட்கர் விருதில் சிறந்த முதல் நாவலுக்கான போட்டிப் பட்டியலில் இடம்பெற்றது. அப்புறம் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒன்று. 2018 முதல் பல ஆண்டுகளில் கோடையில் ஒன்று, கிறிஸ்துமஸ் சமயத்தில் இன்னொன்று. வரிசை முப்பதைத் தாண்டிவிட்டது.

பின்னால் வரும் எல்லாக் கதைகளையும் தாங்கும் மூன்று விஷயங்கள் முதல் நாவலிலேயே போடப்பட்டுவிட்டன.

1. பணம். ஆண்டியின் அப்பா நெல்சன் அரசுத் தரப்பில் பேர்பெற்ற வழக்கறிஞராக இருந்தவர். யாங்கீ ஸ்டேடியத்தில் மகனோடு பேஸ்பால் பார்த்துக்கொண்டிருக்கும்போது இறந்துபோகிறார். அவர் விட்டுப்போன சொத்து 2 கோடியே 20 லட்சம் டாலர் என்று தெரிந்ததும் மகனுக்குத் தலைசுற்றுகிறது. அந்தப் பணம் எப்படி வந்தது என்பதே ஒரு மர்மம்.

2. வில்லி மில்லர். கொலை வழக்கில் மரண தண்டனை விதிக்கப்பட்டுச் சிறையில் இருப்பவர். அவருடைய மேல்முறையீட்டை எடுத்து நடத்தும்படி மகனைக் கேட்டுக்கொண்டவர் அப்பாதான். பின்வரும் நாவல்களில் வில்லி, ஆண்டியோடு சேர்ந்து நாய்க் காப்பகம் நடத்துகிறார்.

3. டாரா. ஆண்டி காப்பகத்திலிருந்து எடுத்து வளர்க்கும் கோல்டன் ரெட்ரீவர். உலகத்திலேயே சிறந்த நாய் என்பது அவருடைய முடிவான கருத்து. அதில் மேல்முறையீட்டுக்கு இடமில்லை.

டாரா ஆசிரியரின் சொந்த நாயின் பெயர். ரோசன்ஃபெல்டும் அவருடைய மனைவியும் அந்த நாயின் நினைவாக 'டாரா அறக்கட்டளை' தொடங்கி, தெற்குக் கலிபோர்னியாவில் ஏறக்குறைய 4,000 நாய்களை மீட்டிருக்கிறார்கள். பிறகு 25 நாய்களோடு மூன்று வீட்டு வண்டிகளில், பதினொரு தன்னார்வலர்கள் துணையோடு, அமெரிக்காவின் இன்னொரு முனையில் இருக்கும் மெய்ன் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். அந்தப் பயணத்தை அவர் 2013-ல் தனிப் புத்தகமாகவே எழுதினார். கதையில் ஆண்டியும் வில்லியும் நடத்தும் காப்பகத்துக்கும் அதே பெயர்தான். வயதான நாய், மூன்று கால் நாய், யாரும் எடுத்துப்போகாத நாய் பற்றியெல்லாம் இந்த நாவல்கள் சொல்லும் சிறு விவரங்களில் ஒரு உண்மை இருப்பதற்குக் காரணம் இதுதான். ரோசன்ஃபெல்ட் வக்கீல் அல்ல; சினிமா நிறுவனம் ஒன்றில் விளம்பரப் பிரிவின் தலைவராக இருந்தவர். சட்டத்தை வெளியிலிருந்து பார்த்துக் கற்றுக்கொண்டவர் என்பதால், வாசகருக்கு எந்த இடத்தில் விளக்கம் தேவைப்படும் என்பது அவருக்குத் தெரிகிறது.

## பேட்டர்சன் ஏன் முக்கியம்

பேட்டர்சன், பசேயிக் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்றது) தலைநகரம். அதனால் கவுண்டி நீதிமன்றமும் அங்கேயே இருக்கிறது. அலெக்சாண்டர் ஹாமில்டன் முன்னின்று 1791-ல் உருவாக்கிய தொழில் சங்கம் பசேயிக் ஆற்றின் பெரிய அருவியை நம்பி எழுப்பிய ஊர் அது. ஒரு காலத்தில் பட்டு நெசவுக்குப் பெயர்போனது. ஆலைகள் மூடிய பிறகு நொடித்தது. ரோசன்ஃபெல்ட் பிறந்ததும் இங்கேதான். ஆண்டி இவ்வளவு பணம் வந்தபின்னும் தான் வளர்ந்த ஊரை விட்டுப் போகாமல் இருப்பது அவருடைய குணத்தைப் பற்றி நிறையச் சொல்லிவிடுகிறது.

நிரபராதி ஒருவர் தண்டிக்கப்படும் கதையை இந்த ஊரில் வைக்கும்போது அதற்குக் கூடுதல் கனம் வருகிறது. 1966 ஜூன் 17 அதிகாலையில் பேட்டர்சன் மதுக்கடை ஒன்றில் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 'ஹரிக்கேன்' என்று அழைக்கப்பட்ட குத்துச்சண்டை வீரர் ரூபின் கார்ட்டரும் ஜான் ஆர்டிஸ் என்ற இளைஞரும் 1967-ல் தண்டிக்கப்பட்டார்கள். அரசுத் தரப்பு முக்கியமான ஒலிநாடாவை மறைத்தது தெரியவந்ததால் 1976-ல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துசெய்தது. அதே ஆண்டு மறுவிசாரணை நடந்து மறுபடியும் தண்டனை. கடைசியில் 1985-ல் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் தலையிட்டு கார்ட்டரை விடுவித்தார்.

இந்த வழக்கைத் தெரிந்துகொள்ள இன்னொரு காரணமும் உண்டு. தண்டனைக்குப் பிறகு புதிய சான்று கிடைத்தால் மறுவிசாரணை கேட்க நியூஜெர்சியில் பின்பற்றப்படும் அளவுகோல், இதே கார்ட்டர் வழக்கில் 1981-ல் மாநில உச்ச நீதிமன்றம் வகுத்தது. அதன்படி மூன்று நிபந்தனைகள்:

1. சான்று வழக்கின் மையத்தைத் தொட வேண்டும். ஏற்கெனவே சொன்னதைத் திரும்பச் சொல்வதாகவோ, ஒரு சாட்சியின் பேரைக் கெடுப்பதாகவோ மட்டும் இருந்தால் போதாது.

2. விசாரணைக்குப் பிறகு கிடைத்ததாக இருக்க வேண்டும். ஒழுங்காக முயன்றிருந்தாலும் முன்பே கிடைத்திருக்காது என்றும் காட்ட வேண்டும்.

3. ஜூரி, அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு, அதைப் பார்த்திருந்தால் தீர்ப்பு மாறியிருக்கும் என்று நம்பக் காரணம் இருக்க வேண்டும்.

மறுவிசாரணை கோரி வந்த கார்ட்டருக்கே 1981-ல் அது கிடைக்கவில்லை. ஆண்டியின் பழைய வழக்குகளைப் படிக்கும்போது இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிறையில் கிடக்கும் ஒருவர் நிரபராதி என்று வாசகருக்கு முதல் ஐம்பது பக்கத்திலேயே தெரிந்துவிடலாம். நீதிமன்றக் கதவைத் திறக்க அது போதாது. கதையின் பாதி பரபரப்பு இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

## கைதுமுதல் தீர்ப்புவரை

நாவல்களில் மறுபடி மறுபடி வரும் கட்டங்களை வரிசையாகப் பார்க்கலாம்.

1. கிராண்ட் ஜூரி. நியூஜெர்சியில் பெரிய குற்றங்களுக்கு அரசு நேராகக் குற்றப்பத்திரிகை போட்டுவிட முடியாது. 23 பேர்வரை கொண்ட பொதுமக்கள் குழு அரசுத் தரப்பின் சான்றுகளைக் கேட்டு, குறைந்தது 12 பேர் சம்மதித்தால்தான் வழக்கு விசாரணைக்குப் போகும். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீலுக்கு, அந்த அறையில் இடமில்லை. அதனால் ஆண்டி இந்தக் கட்டத்தை ஒன்றிரண்டு வரிகளில் கடந்துவிடுவார்.

2. ஜாமீன். முற்பகுதி நாவல்களில் பணம் கட்டி வெளியே வருவது பெரிய பேச்சாக இருக்கும். 2017 ஜனவரி 1 முதல் நியூஜெர்சி பண ஜாமீனை அநேகமாகக் கைவிட்டுவிட்டது. ஆள் தப்பிவிடுவாரா, வெளியே விட்டால் ஆபத்தா என்று பார்த்து நீதிபதி முடிவெடுக்கிறார். கொலை வழக்கென்றால் பெரும்பாலும் உள்ளேதான்.

3. சான்றுகளைப் பெறுதல். அரசுத் தரப்பு தன்னிடம் உள்ளதை எதிர்த்தரப்புக்குக் கொடுத்தாக வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான எதையும் மறைக்கக் கூடாது என்று 1963-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிராடி வழக்கில் சொன்னது. ஆண்டியின் அலுவலகத்தில் பெட்டி பெட்டியாகக் காகிதம் வந்து இறங்கும் காட்சி இதுதான். அவர் அதைத் திரும்பத் திரும்பப் படிப்பார். ஒவ்வொரு முறையும் நிலைமை இன்னும் மோசமாகத் தெரியும்.

4. ஜூரியைத் தேர்ந்தெடுத்தல். இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

5. விசாரணை. தொடக்க உரை, அரசுத் தரப்புச் சாட்சிகள், குறுக்கு விசாரணை, பிறகு எதிர்த்தரப்பு, கடைசியில் முடிவுரை. நம் நீதிமன்றங்களைப்போல மாதக்கணக்கில் வாய்தா போட்டு நடப்பதில்லை; ஜூரி உட்கார்ந்துவிட்டால் அநேகமாக நாள்தோறும் தொடர்ந்து நடக்கும். நாவல்களின் வேகத்துக்கு இந்த ஏற்பாடே பெரிய உதவி.

## பன்னிரண்டு அந்நியர்கள்

இந்தியாவில் ஜூரி முறை 1960-களிலேயே தேய்ந்து, 1973-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு போய்விட்டது. அதனால் தமிழ்நாட்டு வாசகருக்கு நீதிமன்றம் என்றால் நீதிபதிதான். இலங்கை வாசகருக்கு அப்படியில்லை. அங்கே உயர் நீதிமன்றத்தில் ஏழு பேர் ஜூரி இன்னும் சட்டத்தில் இருக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் கொலை வழக்கில் 2016 டிசம்பரில் சிங்களம் பேசும் ஜூரி குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தபோது, ஜூரியில் யார் உட்கார்கிறார்கள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த மக்கள் பார்த்தார்கள்.

அமெரிக்காவில் அதுவே முதல் போர். கவுண்டியிலிருந்து அழைக்கப்பட்டு வரும் பொதுமக்களை நீதிபதியும் வக்கீல்களும் கேள்வி கேட்டு வடிகட்டுகிறார்கள். சார்புள்ளவர் என்று காரணம் காட்டி ஒருவரை நீக்கலாம். காரணமே சொல்லாமல் குறிப்பிட்ட எண்ணிக்கையில் நீக்கவும் இரு தரப்புக்கும் உரிமை உண்டு. குற்ற வழக்கில் பன்னிரண்டு பேரும் ஒருமனதாகச் சொன்னால்தான் தண்டனை. நியூஜெர்சியில் வெகுகாலமாக அப்படித்தான். 2020-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெரிய குற்ற வழக்குகளில் ஒருமனதான தீர்ப்பை எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயமாக்கியது. ஒருவர் மசியாவிட்டாலும் விசாரணை தீர்ப்பில்லாமல் முடிந்து, அரசுத் தரப்பு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

சட்டக் கேள்விகளை நீதிபதி தீர்மானிக்கிறார். நடந்தது என்ன என்பதை ஜூரி தீர்மானிக்கிறது. அதனால் ஆண்டி ஒரே சமயத்தில் இரண்டு தரப்பாரிடம் பேச வேண்டியிருக்கிறது. ஜூரிக்கு அவர் நம்பத் தகுந்த, விரும்பத் தகுந்த மனிதராகத் தெரிய வேண்டும். நீதிபதியோ அவருடைய தந்திரங்களை எல்லாம் அறிந்தவர். 'ஹாட்செட்' என்று பட்டப்பெயர் பெற்ற நீதிபதியின் முன்னால் ஆண்டி ஒரு கிண்டலைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ளும்போது, அந்தக் கிண்டல் உண்மையில் ஜூரியின் காதுக்குப் போக வேண்டியது. திட்டு வாங்கினாலும் காரியம் ஆகிவிட்டது. ஜூரியை மறந்துவிட்டுப் படித்தால் வெறும் வாய்த்துடுக்காகத் தோன்றும் இடங்கள், ஜூரியை நினைவில் வைத்துப் படித்தால் கணக்குப் போட்டு எடுத்த அடிகளாகத் தெரியும்.

## சந்தேகம் போதும், ஆனால் போதாது

சட்டப்படி எதிர்த்தரப்பு எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. அரசுத் தரப்புதான் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் வாயே திறக்காமல் இருக்கலாம். அந்த மௌனத்தை அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்படியானால் ஆண்டி ஏன் ஊர் ஊராக அலைந்து கொலையாளியைத் தேட வேண்டும்?

பன்னிரண்டு சாதாரண மனிதர்கள் ஒரு பிணத்தின் படத்தைப் பார்த்துவிட்டார்கள். 'இவர் செய்யவில்லை' என்று சொன்னால் 'அப்படியென்றால் யார்?' என்று அவர்கள் மனம் கேட்கும். சட்டம் கேட்காத அந்தக் கேள்வியை மனிதர்கள் கேட்பார்கள் என்பது ஆண்டிக்குத் தெரியும். அதனால்தான் ஒவ்வொரு நாவலும் இரட்டைத் தண்டவாளத்தில் ஓடுகிறது: நீதிமன்றத்துக்குள் சந்தேகம் விதைப்பது, வெளியே உண்மையைத் தோண்டுவது.

வெளியே தோண்டியதை உள்ளே கொண்டுவர இன்னொரு தடை இருக்கிறது. வேறு ஒருவர் செய்திருக்கலாம் என்று எதிர்த்தரப்பு சொல்ல நியூஜெர்சிச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் வெறும் ஊகமாக இருக்கக் கூடாது, அந்த ஆளுக்கும் குற்றத்துக்கும் இடையே ஏதாவது ஒரு பிடிமானம் வேண்டும். ஜூரியை வெளியே அனுப்பிவிட்டு நீதிபதி முன்னால் இரு தரப்பும் மோதும் காட்சிகள் பெரும்பாலும் இதைப் பற்றியவை. பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போகத் தோன்றும். தள்ளாதீர்கள், வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் பல நேரம் இங்கேதான் தீர்மானமாகிறது.

வாசகருக்கு மட்டும் தெரியும் ஒரு மூன்றாவது தளத்தையும் ரோசன்ஃபெல்ட் வைக்கிறார். ஆண்டி பேசும் அத்தியாயங்கள் தன்மையில், நிகழ்காலத்தில் இருக்கும். இடையிடையே படர்க்கையில் வில்லன்களின் நடமாட்டத்தைச் சொல்லும் சிறு அத்தியாயங்கள் வரும். ஆண்டிக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்திருக்கும். அவர் ஜோக் அடித்துக்கொண்டே ஆபத்தை நோக்கி நடப்பதை நாம் பதைப்போடு பார்த்துக்கொண்டிருப்போம்.

## சிரிப்பு என்ன வேலை செய்கிறது

எதிர்த்தரப்பு வக்கீலின் அன்றாடம் பயம் நிறைந்தது. ஒரு தவறான கேள்வி போதும், நிரபராதி ஒருவர் ஆயுள் முழுக்க உள்ளே கிடக்க. ஆண்டி தன் பயத்தை மறைப்பதில்லை; அதைத்தான் நகைச்சுவையாக்குகிறார். தீர்ப்புக்காகக் காத்திருக்கும் நாட்களில் அவருக்கு எத்தனை மூடநம்பிக்கைகள், எவ்வளவு எரிச்சல் என்று படிக்கும்போது, சிரிப்புக்குக் கீழே உள்ள பதற்றம் நம்மையும் தொற்றிக்கொள்கிறது.

அவரைச் சுற்றி இருப்பவர்கள் ஒவ்வொருவரும் வக்கீல் வேலையின் ஒரு பகுதியைச் சுமக்கிறார்கள். முன்னாள் போலீஸ்காரியும் துப்பறிவாளரும், பின்னாளில் ஆண்டியின் மனைவியுமாகும் லாரி காலின்ஸ்தான் அணியின் உண்மையான மூளை. மார்க்கஸ் கிளார்க் அநேகமாகப் பேசுவதே இல்லை. அவர் அறைக்குள் வந்தாலே எதிராளிக்கு வியர்க்கும், ஆண்டிக்கும் வியர்க்கும். கணக்காளர் சாம் வில்லிஸ் கணினிக்குள் புகுந்து தகவல் எடுப்பவர். பாட்டு வரிகளைப் பேச்சில் நுழைத்து ஆண்டியோடு போட்டி போடுபவர். காரியதரிசி எட்னாவுக்குக் குறுக்கெழுத்துப் புதிர்தான் முழுநேர வேலை. போலீஸ் அதிகாரி பீட் ஸ்டான்டனும் பத்திரிகை ஆசிரியர் வின்ஸ் சாண்டர்ஸும் சார்லீஸ் என்ற மதுக்கூடத்தில் உட்கார்ந்து, ஆண்டியின் கணக்கில் சாப்பிட்டபடி விளையாட்டுப் போட்டி பார்ப்பவர்கள்.

இவர்களில் ஹைக் லிஞ்ச் என்ற உதவி வக்கீல் தனியாக நிற்கிறார். எதைச் சொன்னாலும் 'தோற்றுவிடுவோம்' என்பார். வாசகர் சிரிப்பார். ஆனால் பெரும்பாலும் தண்டனையில் முடியும் அமெரிக்கக் குற்ற வழக்குகளின் நிலவரத்தைப் பார்த்தால் அந்த அறையில் யதார்த்தமாகப் பேசுபவர் ஹைக்தான்.

இந்த நகைச்சுவைக்கு ஒரு எல்லை உண்டு, அதை ரோசன்ஃபெல்ட் கவனமாகக் காப்பாற்றுகிறார். செத்தவரைப் பற்றியோ அவர் குடும்பத்தைப் பற்றியோ ஆண்டி கேலி பேசுவதில்லை. கேலிக்கு ஆளாவது அதிகாரம், வறட்டு கௌரவம், முக்கியமாக அவரே. கொலைக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியும் மனம் கசக்காமல் இருப்பது இதனால்தான்.

## சட்டத்தின் கண்ணில் நாய்

அமெரிக்கச் சட்டத்தில் நாய் ஒரு உடைமை. மேசை நாற்காலி எப்படியோ அப்படி. நாய்ப் பிரியர் ஒருவர் வக்கீலாக இருந்தால் அவருக்கு இது தினமும் உறுத்தும் என்பதை இந்த வரிசை நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறது. நியூஜெர்சியின் உண்மை வழக்குகள் மூன்றைப் பார்த்தால் கதைகள் வெறும் கற்பனை இல்லை என்று தெரியும்.

1. டாரோ வழக்கு. பெர்கன் கவுண்டியில் 1990 கிறிஸ்துமஸ் அன்று டாரோ என்ற அகிடா நாயால் உரிமையாளரின் உறவுக்காரச் சிறுமிக்கு உதட்டில் காயம் பட்டது. 1989-ல் கொண்டுவந்த ஆபத்தான நாய்கள் சட்டத்தின்கீழ் நாயைக் கொல்ல உத்தரவானது. மேல்முறையீடுகள் நடந்த மூன்று ஆண்டுகளும் நாய் அரசுக் காவலில் இருந்தது. மரண தண்டனைக் கைதி என்றே பத்திரிகைகள் எழுதின. 1994 ஜனவரியில் புதிதாகப் பதவியேற்ற ஆளுநர் கிறிஸ்டின் டாட் விட்மன் அதைக் காப்பாற்றினார். நாய்க்குப் பொதுமன்னிப்பு கொடுக்கச் சட்டத்தில் வழியில்லை. ஆகவே, பறிமுதலான ஒரு உடைமையை உரியவருக்குத் திருப்பித் தருவதாக உத்தரவு போட்டார். நாய் நியூஜெர்சிக்குள் திரும்ப வரக் கூடாது என்பது நிபந்தனை.

2. பிரிந்த ஜோடியும் பக் இன நாயும். நாய் யாருக்கு என்ற வழக்கில், 2009-ல் நியூஜெர்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், செல்லப்பிராணிக்கு உரிமையாளரின் மனதில் தனி மதிப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டது. எனவே பணத்தைக் கொடுத்து விஷயத்தை முடிக்காமல், நாயையே ஒப்படைக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம் என்றது. உடைமை என்ற வட்டத்துக்குள் நின்றுகொண்டே ஒரு சின்ன வாசல் திறந்த தீர்ப்பு அது.

3. அந்த வாசலுக்கும் எல்லை இருக்கிறது. தன் சிறிய நாயை அண்டைவீட்டு நாய் கண்ணெதிரே கடித்துக் கொன்ற வழக்கில், மன வேதனைக்கு இழப்பீடு கேட்ட பெண்ணுக்கு 2012-ல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. நெருங்கிய குடும்ப உறவை இழப்பதோடு இதை ஒப்பிட முடியாது என்றது. நாயின் மதிப்பாகக் கீழ் நீதிமன்றம் கொடுத்த 5,000 டாலரோடு சரி.

இப்போது 2007-ல் வந்த 'பிளே டெட்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். கடித்ததாகச் சொல்லிக் கொல்லக் காத்திருக்கும் கோல்டன் ரெட்ரீவர் ஒன்றை ஆண்டி காப்பகத்தில் பார்க்கிறார். அதற்காக வழக்காடுகிறார், ஊடகங்கள் திரண்டு வருகின்றன, அத்தியாயங்கள் சிரிப்பாகப் போகின்றன. டாரோவின் கதை தெரிந்தவருக்கு இதில் மிகை எதுவும் தெரியாது. பிறகு கதை திரும்புகிறது. அந்த நாய், காதலியைப் படகில் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டு ஐந்து ஆண்டுகளாகச் சிறையில் இருக்கும் ஒருவருடையது. அன்றைக்கு நாயும் கடலில் போய்விட்டது என்பது அரசுத் தரப்பின் கதை. நாய் உயிரோடு நிற்கிறது என்றால் அந்த இரவில் நடந்ததாகச் சொன்னது எப்படிச் சரியாகும்?

கார்ட்டர் வழக்கின் மூன்று நிபந்தனைகளை இங்கே பொருத்திப் பாருங்கள். நாய் உயிரோடிருப்பது வழக்கின் மையத்தைத் தொடுகிறது. முன்பே தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஜூரி பார்த்திருந்தால் யோசித்திருக்கும். ஆனால் இது அதே நாய்தான் என்று எப்படி நிரூபிப்பது? நாய் சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்யாது. சட்டத்துக்கு வெறும் உடைமையான ஒரு உயிர், யாருடைய வாய்மொழியும் செய்ய முடியாத சாட்சியத்தைத் தாங்கி நிற்கிறது. முழு வரிசையிலும் சட்டமும் நாயும் சிரிப்பும் இவ்வளவு இறுக்கமாகப் பின்னிக்கொண்ட கதை இதுதான் என்பது என் கணிப்பு.

## கதைகள் ஒதுக்கிவைப்பது

ரசிக்கும்போதே தெரிந்துகொள்ள வேண்டியவையும் உண்டு.

முதலாவது, பெரும்பாலான வழக்குகள் ஜூரி முன்னால் போவதே இல்லை. 2012-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எடுத்துச் சொன்ன கணக்குப்படி, கூட்டாட்சி நீதிமன்றங்களில் 97 சதவீதத் தண்டனைகளும் மாநில நீதிமன்றங்களில் 94 சதவீதத் தண்டனைகளும் குற்றத்தை ஒப்புக்கொண்டு பேரம் பேசியதால் வந்தவை. ஆண்டியின் கட்சிக்காரர்கள் பேரத்தை மறுத்து விசாரணைக்குப் போகிறார்கள். நாவலுக்கு அது தேவை. நடப்பில் அது அபூர்வம்.

அடுத்தது பணம். 1963-ன் கிடியன் தீர்ப்புக்குப் பிறகு, பெரிய குற்ற வழக்கில் வசதியில்லாதவருக்கு அரசே வக்கீல் வைத்துக்கொடுக்க வேண்டும். அந்த அரசு வக்கீலின் மேசையில் கட்டுக்கட்டாக வழக்குகள் இருக்கும். ஆண்டியிடம் இருப்பது ஒரே வழக்கு, ஒரு முழு துப்பறியும் அணி, வற்றாத வங்கிக் கணக்கு. நிரபராதி என்று தான் நம்புபவரை மட்டும் எடுத்துக்கொள்ளும் சுதந்திரமும் அந்தப் பணத்தால் வந்ததுதான். முதல் நாவலில் வந்த பரம்பரைச் சொத்து இல்லாவிட்டால் இந்த வரிசையே நகராது. ஒருவர் நிரபராதி என்பதை வெளியே கொண்டுவர இவ்வளவு செலவாகும் என்பது நாவல்கள் உரக்கச் சொல்லாத, ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும் செய்தி.

காலமாற்றமும் கவனிக்க வேண்டியது. முதல் நாவல் வந்தபோது நியூஜெர்சியில் மரண தண்டனை சட்டத்தில் இருந்தது, கடைசியாக நிறைவேற்றியது 1963-ல் என்றாலும். 2007 டிசம்பர் 17 அன்று ஆளுநர் ஜான் கோர்சைன் அதை ஒழிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். வில்லி மில்லரின் தலைக்குமேல் தொங்கும் மரண தண்டனைக் கத்தி பின்னால் வரும் கதைகளில் இல்லாததற்குக் காரணம் அதுதான்.

## எங்கிருந்து தொடங்கலாம்

ஒவ்வொரு வழக்கும் தனியாக முடிந்துவிடும். வரிசை மாறிப் படித்தாலும் புரியும். ஆனால் வில்லி யார், லாரியோடு உறவு எப்படி வளர்ந்தது, மகன் ரிக்கி எப்படி வந்தான் என்பவை வரிசையாகப் படித்தால்தான் சுவைக்கும். ஆகவே 'ஓபன் அண்ட் ஷட்' முதலில். பொறுமை இல்லாதவர்கள் அதை முடித்துவிட்டு நேராக 'பிளே டெட்'டுக்குத் தாவலாம். பிற்கால நாவல்களில் அமைப்பு பழகிப்போகும். ஒரே மூச்சில் ஐந்தாறு படிப்பதைவிட இடைவெளி விட்டுப் படிப்பது நல்லது.

ஆங்கிலம் கேட்டுப் பழகியவர்கள் குரோவர் கார்ட்னர் வாசித்த ஒலிப்புத்தகங்களைத் தேடலாம். சலித்துக்கொள்ளும் ஆண்டியின் தொனி அவர் குரலில் அப்படியே வருகிறது. நீதிமன்றத்தைவிடத் துப்பறிதல் பிடிக்கும் என்பவர்களுக்கு, 2020-ல் தொடங்கிய 'தி கே டீம்' என்ற கிளை வரிசை இருக்கிறது. ஓய்வுபெற்ற பேட்டர்சன் போலீஸ்காரர் கோரி டக்ளஸ், லாரி, மார்க்கஸ் ஆகியோரோடு நாலாவது உறுப்பினராகச் சைமன் கார்ஃபங்கல் என்ற ஜெர்மன் ஷெப்பர்டும் அதில் வேலைக்கு வருகிறது.